அறுந்த செபமாலையை எங்கே கொடுப்பது? திருகோணமலையில் ஒரு கடை

திருகோணமலையில் செபமாலை வாங்க இடத்துக்குப் பஞ்சமில்லை. திருநாள் வந்தால் கோயில் வாசலிலேயே கடை போடுவார்கள், பான்சிக் கடைகளிலும் கொத்துக் கொத்தாகத் தொங்கும். ஆனால் அறுந்த செபமாலையைக் கோர்த்துத் தருகிற கடை என்று கேட்டால் எனக்குத் தெரிந்து ஒன்றுதான். மத்திய வீதிச் சந்தடியை விட்டு உள்ளே திரும்பும் ஓர் ஒழுங்கையில், தையல்கடைக்குப் பக்கத்தில் இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் லூர்து மாதா சுரூபம்தான் அடையாளம். எங்கள் மரியாயின் சேனை என்ற பங்குச் செபக்குழுவில் எல்லோருக்கும் இந்தக் கடை தெரியும். டவுனுக்குள் புதிதாக வந்திருப்பவர்களுக்கும், வெளிநாட்டிலிருந்து லீவில் வருகிறவர்களுக்கும் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊரில் செபமாலை சீக்கிரம் கெட்டுப்போகும். சுற்றிவரக் கடல். உப்புக்காற்றும் கை வியர்வையும் பட்டால், மேலே வெள்ளைப் பூச்சுப் பூசிய மலிவுக் கம்பி ஒரு வருசம்கூடத் தாங்காது. முதலில் பூச்சு உரியும், பிறகு துரு பிடித்து விரலில் மஞ்சளாக ஒட்டும், கடைசியில் நாலாவது பத்தில் (பத்து மணி கொண்ட பிரிவில்) நிற்கும்போது கண்ணி கழன்று மணி தரையில் ஓடும். இப்போது பெரும்பாலும் விற்பது இந்த வகைதான். பார்க்க வடிவாக இருக்கும், விலையும் குறைவு. முதல் நன்மைக்குப் பிள்ளைகளுக்குக் கொடுக்கப் பரவாயில்லை. தினமும் செபிக்கிற கைக்கு அது காணாது.

இந்தக் கடைக்காரத் தம்பி துருப்பிடிக்காத எஃகுக் கம்பியில்தான் கோர்ப்பார். அவர் வேலை செய்வதை முன்னால் இருந்து பார்க்கலாம், ஒரு ஸ்டூலும் போட்டு வைத்திருக்கிறார். என் அப்பாவின் கருங்காலிச் செபமாலையைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது முதலில் ஒரு வெள்ளைத் துணியை விரித்து எல்லா மணியையும் அதில் கொட்டி, என் முன்னாலேயே எண்ணினார். சின்ன மணி 53, பெரிய மணி 6 இருக்க வேண்டும். சின்னதில் இரண்டு குறைந்தது. புதிதாக இரண்டு போட்டுவிடலாமே என்று கேட்டேன். “புது மணி போட்டா விரலுக்குத் தெரியும் அக்கா, அந்த இடத்தில யோசினை போயிடும். பழசிலயே தேடிப் பாப்பம்” என்றார். பிறகு ஒரு ஹோர்லிக்ஸ் போத்தலைக் கவிழ்த்தார். ஆட்கள் வேண்டாமென்று விட்டுப்போன உடைந்த செபமாலைகளின் மணிகளை அதில்தான் சேர்த்து வைத்திருக்கிறார். அதே பருமனில், அதே அளவு தேய்ந்த இரண்டு மணியை அதற்குள்ளிருந்து எடுத்துவிட்டார்.

கண்ணி போடும் விதத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் செபமாலை வாங்கும்போது நீங்கள் பார்க்க வேண்டியதும் இதைத்தான். மலிவுச் செபமாலையில் கம்பியை வளைத்து வளையம் போல விட்டுவிடுவார்கள். வளையத்தின் வாய் முழுதாக மூடாது. நகத்தால் தடவினால் அந்த இடைவெளி தட்டுப்படும். இழுபட இழுபட அது விரிந்துகொண்டே போகும். இவர் முனை கூரான குறட்டால் கம்பியை வளைத்து, மிச்ச நுனியை மணிக்கும் வளையத்துக்கும் நடுவில் இரண்டு மூன்று சுற்று இறுக்கிச் சுற்றி, பிறகுதான் வெட்டுகிறார். வெட்டிய நுனியை அரத்தால் ஒரு தேய்ப்பு. விரலில் குத்தாது, கழலவும் கழலாது. ஒரு மணிக்கு இரண்டு பக்கமும் இப்படிச் செய்ய வேண்டும் என்றால் எவ்வளவு வேலை என்று பாருங்கள்.

கடலுக்குப் போகிறவர்களுக்கு அவர் கம்பியே போடுவதில்லை. வலை பின்னுகிற முறுக்கு நைலோன் நூலில் மர மணியைக் கோர்த்து, ஒவ்வொரு மணிக்கும் இடையில் முடிச்சுப் போடுகிறார். ஓர் இடத்தில் அறுந்தாலும் மிச்ச மணி சிந்தாது. நுனியை மெழுகுதிரிச் சுவாலையில் காட்டி உருக்கிவிடுவதால் பிரியவும் பிரியாது. சிலுவையும் மரம்தான். சேர்ட் பையில் போட்டுக்கொண்டு போகலாம், உப்புத்தண்ணீர் பட்டாலும் ஒன்றும் ஆகாது. என் பார்வையில் கடையிலே ஆகச் சிறந்த சாமான் இதுதான். கண்ணாடிப் பெட்டியில் மின்னுகிற பளிங்கு மணிகளைவிட இதைத்தான் நான் எல்லோருக்கும் சொல்வேன். மடு மாதா திருத்தலத்துக்கு நடந்து போகிறவர்களும் இதை வாங்கலாம்.

இன்னொரு விசயம் எனக்கு மனதுக்குப் பிடித்தது. மந்திரித்த, அதாவது குருவானவர் ஆசீர்வதித்த, செபமாலை இருக்கிறதா என்று ஒரு அம்மா கேட்டார். “மந்திரிச்சதை விக்கக் கூடாது அம்மா. வாங்கிக்கொண்டுபோய் பூசை முடிய சுவாமியாரிட்டக் குடுங்கோ” என்று கடைக்காரத் தம்பி பதில் சொன்னார். அதுதான் திருச்சபையின் ஒழுங்கு. மந்திரித்த பொருளை விற்றால் அதோடு சேர்ந்த பலன் நின்றுவிடும். “மந்திரிச்சது” என்று சொல்லி விற்பவர்களையும் திருத்தலங்களில் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். திருத்தக் கொடுப்பவர்கள் பயப்பட வேண்டாம். கம்பியை மட்டும் மாற்றினால் மந்திரிப்புப் போகாது, மணிகள் அதே மணிகள்தானே. அடியோடு உடைந்து உதவாமல் போனதைக் குப்பையில் போடாமல் தன்னிடம் தரச் சொல்கிறார். மணியை எடுத்துக்கொண்டு மிச்சத்தைப் புதைத்துவிடுகிறாராம்.

செபமாலை மாதம் வந்தால் இந்தக் கடையின் அருமை தெரியும். பாப்பரசர் 13ஆம் சிங்கராயர் 1883இல் கேட்டுக்கொண்டதிலிருந்து ஒக்டோபர் முழுவதும் செபமாலை சொல்வது உலகம் முழுக்க வழக்கமாகிவிட்டது. எங்கள் பங்கில் மாதா சுரூபம் வீட்டுக்கு வீடு போகும். பின்னேரம் பாயை விரித்து அயல் சனம் எல்லாம் கூடும். சமீப காலமாக என்ன நடக்கிறது என்றால், போனில் செபமாலையைப் போட்டுவிட்டு ஆட்கள் சுற்றியிருந்து கேட்கிறார்கள். குரல் நல்ல குரல்தான். ஆனால் வீட்டுக்காரர் ஒரு பத்தைத் தொடங்க, பேரப்பிள்ளை அடுத்ததைத் தட்டுத்தடுமாறிச் சொல்ல, பாட்டி திருத்த, அப்படித்தானே நாங்கள் செபம் படித்தோம்? போன் சொல்லும்போது பிள்ளையின் வாய் சும்மா இருக்கிறது, கையும் சும்மா இருக்கிறது. ஒரு வீட்டில் ஆளுக்கொரு செபமாலை இருந்தால், அது கையில் பிடிக்க நன்றாகவும் இருந்தால், வாய் தானாகச் சொல்லும் என்பது என் அனுபவம். சின்னவர்களுக்கென்று பெரிய மர மணியில் ஒரு பத்து மட்டும் உள்ள குட்டிச் செபமாலை இங்கே கிடைக்கிறது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒன்று வாங்கிக் கொடுங்கள்.

புத்தகப் பக்கம் வந்தால், செபப் புத்தகங்கள் குறைவு. இருப்பதில் சில பழைய பதிப்பு. 2002இல் பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் சேர்த்துத் தந்த, இயேசுவின் வாழ்வை நினைத்து வியாழக்கிழமைகளில் சொல்லும் ஒளியின் தேவ இரகசியங்கள் ஒன்றில் இல்லவே இல்லை, வியாழக்கிழமை என்ன செய்வது? ஆனால் ஒரு நல்ல வேலை செய்திருக்கிறார். மாதாவின் பெயர்களை அடுக்கி மன்றாடும் தேவமாதா பிரார்த்தனையில் 2020 யூனில் பாப்பரசர் பிரான்சிஸ் மூன்று மன்றாட்டுகளைச் சேர்த்தார். அதைப் பெரிய எழுத்தில் ஒரு துண்டில் அச்சடித்து, வாங்குகிற புத்தகத்தில் ஒட்டித் தருகிறார். “பாவிகளுடைய அடைக்கலமே” என்பதற்குப் பிறகு புலம்பெயர்ந்தவர்களின் ஆறுதலாக மாதாவை அழைக்கும் மன்றாட்டு வருகிறது. இடம்பெயர்ந்து முகாமில் இருந்தவர்களும், பிள்ளைகளைக் கனடாவிலும் இத்தாலியிலும் விட்டுவிட்டு இருக்கிறவர்களும் நிறைந்த ஊர் இது. அந்த மன்றாட்டு வரும்போது “எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்” என்ற பதில் வீட்டுக்குள் சத்தமாக எழும்பும். இவ்வளவு வருசமாகியும் பல வீடுகளில் இது சொல்லப்படுவதில்லை என்பது எனக்குக் கவலை. பங்குகளில் அறிவிப்போடு விட்டுவிடாமல் இப்படி ஒரு துண்டை அடித்துக் கொடுத்தாலே போதும்.

குறைகளும் உண்டு. உத்தரியம் (மாதா பக்தியாகக் கழுத்தில் அணியும் இரண்டு துணித் துண்டு) இங்கே வாங்காதீர்கள். கர்மேல் உத்தரியம் என்றால் கம்பளித் துணியாக இருக்க வேண்டும் என்பது பழைய ஒழுங்கு. இங்கே இருப்பது பொலியெஸ்டர், அதற்கு மேல் பிளாஸ்டிக் உறை வேறு. எங்கள் வெக்கைக்கு நெஞ்சில் ஒட்டிப் புழுங்கும். கம்பளி கிடைக்காவிட்டால் உத்தரியப் பதக்கம் போடலாம், 1910இல் பாப்பரசர் பத்தாம் பத்திநாதர் அனுமதித்ததுதான். முறைப்படி உத்தரியம் தரித்துக்கொண்ட பிறகு அதைப் போட வேண்டும், அவ்வளவுதான். பதக்கம் இங்கே நல்லது கிடைக்கிறது. மெழுகுதிரியும் சுமார்தான். திரி தடிப்பு, புகை கூட, காற்றடித்தால் ஒரு பக்கமாக உருகி ஊற்றும். சுரூபங்களில் முகம் கவனமாகத் தீட்டியதும் இருக்கிறது, கண் ஒன்று மேலே ஒன்று கீழேயாக இருப்பதும் இருக்கிறது. பெட்டியோடு வாங்கிக்கொண்டு போகாமல் வெளியே எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். சொன்னால் கோபிக்காமல் வேறு எடுத்துத் தருவார்.

விலை நியாயம். ஒரு கண்ணி கழன்றதென்றால் காசு வாங்கமாட்டார். முழுதாகக் கோர்க்க ஐந்நூறு, அறுநூறு வரும், மணியையும் கம்பியையும் பொறுத்தது. நூல் செபமாலை அதைவிடக் குறைவு. ஏழு மணியாக ஏழு பிரிவுள்ள வியாகுல செபமாலை சொல்லி வைத்தால்தான் செய்வார், தபசு காலத்துக்கு முன்னமே சொல்லிவிடுங்கள். ஞாயிறு கடை இல்லை. மத்தியானம் பூட்டினால் எப்போது திறப்பார் என்று சொல்ல முடியாது, அதனால் காலையில் போவது நல்லது. ஒக்டோபருக்குத் திருத்த வேண்டியதை செப்டெம்பர் வியாகுல மாதா திருநாளுக்குள் கொடுத்துவிட வேண்டும். அதற்குப் பிறகு போனால் ஒரு கொப்பியில் பெயரை எழுதிவிட்டுக் காத்திருக்கச் சொல்வார். சிந்திய மணி எல்லாவற்றையும் ஒரு பையில் கட்டிக் கொண்டுபோங்கள், சிலுவையை மாட்டியிருந்த சின்ன வளையத்தைக்கூட விட்டுவிடாதீர்கள்.