‘இன்ஜின் போய்விட்டது, கொடுத்துவிடுங்கள்’ என்று பட்டறைக்காரரே சொன்னால்

என் காரில் இல்லாத பழுதுக்குப் பணம் வாங்கிய பட்டறையின் பெயரை எழுதவில்லை. நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். அது முடியும்வரை பெயரைப் பொதுவில் போடவேண்டாம் என்று வழக்கறிஞர் சொல்லியிருக்கிறார். தென்சென்னையில் இருக்கிறது என்பதுடன் நிறுத்திக்கொள்கிறேன். பெயர் தெரிவதைவிட, பழைய கார் வைத்திருக்கும் நடுத்தரக் குடும்பத்தாரிடம் இந்த வேலை எப்படி நடக்கிறது என்று தெரிவதுதான் உங்களுக்குப் பயன்படும். முதலில் பழுது பார்ப்பதாகப் பணம் வாங்குவார்கள். பிறகு அந்தப் பழுதையே காரணம் காட்டி வண்டியை அடிமாட்டு விலைக்குக் கேட்பார்கள்.

என் வண்டி 2010 நவம்பரில் பதிவான பெட்ரோல் சான்ட்ரோ. தொண்ணூறாயிரம் கிலோமீட்டரைத் தாண்டியிருந்தது. 2025இன் நடுவில், வேளச்சேரி சிக்னல் நெரிசலில் நிற்கும்போதெல்லாம் வெப்பமானி முள் மேலே ஏறத் தொடங்கியது. பள்ளிக்கரணை தாண்டி வண்டி வேகம் பிடித்ததும் முள் தானாகக் கீழே வந்துவிடும். நெரிசலில் ஏசியும் சரியாகக் குளிரவில்லை. இதை அப்படியே பட்டறைக்காரரிடம் சொன்னேன். ஓரளவு தொழில் தெரிந்தவர் யாராக இருந்தாலும் இந்த மூன்று வாக்கியங்களைக் கேட்டதும் முதலில் ரேடியேட்டர் விசிறியைத்தான் பார்ப்பார். வண்டி ஓடும்போது எதிர்க்காற்று ரேடியேட்டரைக் குளிர்விக்கிறது. நின்றால் அந்த வேலையை விசிறி செய்யவேண்டும்.

அவர் விசிறிப் பக்கமே போகவில்லை. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து அதன் அடிப்பக்கத்தைக் காட்டினார். வெளுப்பாக, வெண்ணெய் தடவியதுபோல ஏதோ ஒட்டியிருந்தது. “பாருங்கள் சார், கூலன்ட் ஆயிலில் கலந்துவிட்டது. ஹெட் கேஸ்கட் போய்விட்டது. இப்படியே ஓட்டினால் இன்ஜின் பிடித்துக்கொள்ளும்.”

இந்த மூடி வித்தையைப் பற்றி விரிவாகவே சொல்லவேண்டும், ஏனென்றால் அதில் பாதி உண்மை இருக்கிறது. ஹெட் கேஸ்கட் என்பது இன்ஜினுக்கும் அதன் தலைப்பகுதியான ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு. அது போனால் ஆயிலும், இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டும் கலந்து பால்போல ஆவது உண்டு. ஆனால் ரயில் நிலையம், பள்ளிக்கூடம், காய்கறிக் கடை என்று பக்கத்திலேயே ஓடும் வண்டியில் இன்ஜின் முழுச் சூட்டுக்கு வருவதற்குள் நிறுத்திவிடுகிறோம். உள்ளே இருக்கும் ஈரப்பதம் ஆவியாகி வெளியேறாமல் மூடியின் அடியில் படிந்து அதே வெளுப்பைக் காட்டும். உண்மையிலேயே கேஸ்கட்தானா என்று பார்க்க வேறு வழிகள் இருக்கின்றன. ஆயில் அளவு பார்க்கும் கம்பியை இழுத்து, அதிலும் பால் நிறம் இருக்கிறதா என்று பார்க்கலாம். கசிவு எதுவும் வெளியில் தெரியாமலே கூலன்ட் குறைகிறதா என்று கவனிக்கலாம். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டர் மூடியைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட் செய்து, குமிழிகள் தொடர்ந்து வருகின்றனவா என்று பார்க்கலாம். ஒவ்வொரு சிலிண்டரிலும் கம்ப்ரஷனை, அதாவது உள்ளே உருவாகும் அழுத்தத்தை, அளக்கலாம். இவற்றில் ஒன்றைக்கூட அவர் செய்யவில்லை. செய்திருந்தால் அவருடைய கதை அங்கேயே முடிந்திருக்கும்.

கேஸ்கட் செட், ஹெட்டை லேத்தில் சமன்படுத்தும் ஃபேஸிங், வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட், கூலன்ட், ஆயில், லேபர் என்று 21,400 ரூபாய் வாங்கினார். பில் என்று கொடுத்தது ஜி.எஸ்.டி. எண் இல்லாத துண்டுச் சீட்டு. கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டதற்கு, “லேத்தில் இருக்கும், வாங்கி வைக்கிறேன்” என்றார். அவை இன்றுவரை வரவில்லை.

மழை பெய்த நாட்களில் முள் அடங்கியே இருந்தது. வெயில் திரும்பியதும் அதே வேளச்சேரி, அதே முள். இப்போது அவர் குரல் மாறிவிட்டது. துக்கம் விசாரிக்க வந்தவர்போலப் பேசினார். பிஸ்டன், ரிங், சிலிண்டர் போர் என்று இன்ஜினின் உள்பாகங்களையெல்லாம் செய்யவேண்டும், 78,000 ரூபாய் ஆகும், இந்த வண்டிக்கு அது தகாது என்றார். அதோடு மூன்று செய்திகள் சொன்னார். பதினைந்து ஆண்டு முடிந்த வண்டியைச் சாலையில் விடமாட்டார்கள். ஆர்.சி. என்ற பதிவுச் சான்றைப் புதுப்பிக்கக் கட்டணம் பத்தாயிரம் ஆக்கிவிட்டார்கள். இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலில் பழைய இன்ஜின் தாங்காது. “உங்களுக்காக ஒரு பார்ட்டியிடம் பேசுகிறேன் சார். நாற்பதாயிரம் வரும். இந்த வாரமே என்றால் முடித்துவிடலாம்.”

மூன்றும் செய்தித்தாளில் அடிபட்ட விஷயங்கள். அதனால்தான் காதில் ஏறுகின்றன. ஆனால் அவர் சொன்ன விதத்தில் ஒன்றுகூட உண்மையில்லை. பத்தாண்டு டீசல், பதினைந்தாண்டு பெட்ரோல் வண்டிகள் மீதான தடை, பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவாலும் பிறகு 2018இல் உச்ச நீதிமன்ற உத்தரவாலும் டெல்லித் தலைநகர்ப் பகுதிக்கு வந்தது. தமிழ்நாட்டில் சொந்தக் காரை அப்படி வயதை வைத்து நிறுத்துவதில்லை. பதிவுச் சான்றின் காலம் பதினைந்து ஆண்டில் முடிகிறது. படிவம் 25 கொடுத்து, வண்டியை மோட்டார் வாகன ஆய்வாளரிடம் காட்டினால் ஐந்தாண்டுக்குப் புதுப்பிப்பார்கள். கட்டணம் 2022 ஏப்ரலிலிருந்து காருக்கு 5,000 ரூபாய். 2025 ஆகஸ்டில் வந்த பத்தாயிரம் இருபது ஆண்டைத் தாண்டிய கார்களுக்கு. பசுமை வரி தனி. காலம் முடிவதற்கு 60 நாள் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். தவறவிட்டால் மாதத்துக்கு 500 ரூபாய் கூடுதல். எத்தனால் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் உண்மை உண்டு: பழைய வண்டிகளில் மைலேஜ் சற்றுக் குறையலாம், ரப்பர்க் குழாய்களையும் கேஸ்கட்டுகளையும் முன்கூட்டியே மாற்றவேண்டி வரலாம். அதற்காக ஓடும் காரை நாற்பதாயிரத்துக்குத் தூக்கிக் கொடுக்கத் தேவையில்லை.

நான் வண்டியை அங்கிருந்து எடுத்துக்கொண்டு போய், அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவரிடம் காட்டினேன். வீட்டு வாசலிலேயே சிறிய அளவில் தொழில் செய்கிறார். இன்ஜினை ஓடவிட்டு ஏசியைப் போடச் சொன்னார். குனிந்து பார்த்தார். விசிறி சுற்றவில்லை. ஃபியூஸ், ரிலே இரண்டையும் பார்த்துவிட்டு, பேட்டரியிலிருந்து மோட்டாருக்கு நேராக ஒயர் கொடுத்தார். அப்போதும் சுற்றவில்லை. விசிறி மோட்டார் எரிந்து போயிருந்தது.

பட்டறைச் சீட்டை நீட்டினேன். படித்துவிட்டு எதுவும் பேசாமல், டைமிங் பெல்ட்டின் மேல் உறையை இரண்டு மூன்று போல்ட் கழற்றி எடுத்தார். உள்ளே இருந்தது பழைய பெல்ட், ஓரமெல்லாம் வெடித்திருந்தது. “இந்த பெல்ட்டைக் கழற்றாமல் ஹெட்டைத் தூக்க முடியாது தம்பி. பெல்ட்டே மாற்றவில்லை என்றால் பில்லில் இருக்கிற மற்றதெல்லாம் என்னவென்று நீங்களே யோசியுங்கள்” என்றார். கம்ப்ரஷனும் அளந்தார், நான்கு சிலிண்டரிலும் பெரிய வித்தியாசம் இல்லை. ஹெட் கேஸ்கட் நன்றாக இருந்தது. அதை யாரும் தொட்டதே இல்லை.

எனக்கு 21,400 ரூபாயைவிடக் கோபம் மூட்டியது வேறொன்று. விசிறி செத்துக் கிடப்பது அந்தப் பட்டறைக்காரருக்குத் தெரியாமல் இருந்திருக்க முடியாது. தெரிந்தே அதைச் சரிசெய்யாமல் வண்டியை ஓட்டக் கொடுத்திருக்கிறார். திரும்பத் திரும்பச் சூடேறினால் ஹெட் வளையும், கேஸ்கட் உண்மையிலேயே போகும். அவர் சொன்ன பொய்யை நான் ஓட்டியே உண்மையாக்கிக் கொடுக்கவேண்டும் என்பதுதான் ஏற்பாடு. அந்த பெல்ட் நடுவில் அறுந்திருந்தால் வால்வுகளும் வளைந்திருக்கக்கூடும்.

விசிறி மோட்டார், ரேடியேட்டர் பிரஷர் மூடி, டென்ஷனருடன் புதிய டைமிங் பெல்ட், கூலன்ட், கூலி எல்லாம் சேர்த்து 9,800 ரூபாய். மோட்டாரைப் பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் பழையதாக வாங்கினால் இன்னும் குறையும், ஆனால் மின் பாகங்களைப் பழையதாக வாங்கவேண்டாம் என்று பெரியவரே தடுத்துவிட்டார். கதவு, பம்பர், கண்ணாடி போன்றவற்றுக்குப் புதுப்பேட்டை போங்கள்; எரிந்துபோகக்கூடிய மின் பாகங்களுக்குப் போகவேண்டாம் என்பது அவர் கணக்கு.

இனி விற்பதா, வைத்துக்கொள்வதா என்ற கேள்வி. இதைத் தனியாக உட்கார்ந்து யோசிக்கவேண்டும். பழுது சொன்னவரின் எதிரில் யோசிக்கக்கூடாது. அப்பம் பங்கிட்ட குரங்கின் தராசு போலத்தான் அவர் கணக்கு: இரண்டு தட்டிலும் கடிப்பார். விற்றால் அவருக்குக் கமிஷன், பழுது பார்த்தால் லேபர்.

எனக்கு உதவிய கணக்கு இது. வண்டி இப்போது இருக்கும் நிலையில், ஓடாமல், என்ன விலை போகும்? ஓடும் நிலையில் என்ன போகும்? இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள தொகையைச் செலவோடு ஒப்பிடவேண்டும். என் வண்டிக்கு அவர் சொன்ன விலை நாற்பதாயிரம். ஓட்டிக் காட்டி, கம்ப்ரஷன் அளவையும் எழுதிக் காட்டியபோது வெளியாட்கள் கேட்டது ஒரு லட்சத்தை ஒட்டி. ஆக, பத்தாயிரம் ரூபாய் வேலை வண்டியின் விலையில் அறுபதாயிரத்தை மீட்டுக் கொடுத்தது. விற்கப்போகிறீர்கள் என்றாலும் ஓட்டத்தைத் தடுக்கும் பழுதைச் சரிசெய்துவிட்டு விற்பதுதான் லாபம் என்பது இதனால்தான். டிங்கரிங், பெயின்ட், புது சீட் உறை ஆகியவற்றில் போட்ட பணம் திரும்பாது. விற்பதற்கு முன் அவற்றைச் செய்யச் சொல்பவர் பெயின்ட் கடைக்காரராகத்தான் இருப்பார்.

விற்கவே கூடாது என்று சொல்லவில்லை. கடலோரக் காற்றில் நின்று தரைத்தகடும் சேஸிஸும் துருவேறியிருந்தால் இன்ஜின் எவ்வளவு நன்றாக இருந்தாலும் விட்டுவிடவேண்டும். ஜாக்கி போட்டுத் தூக்கி, அடியில் ஒரு ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். நீலப் புகை வந்து ஆயிலும் அடிக்கடி குறைந்தால் அப்போது ரிங், போர் என்ற பேச்சுக்குப் பொருள் உண்டு. என் வண்டியில் ஏர்பேக் இல்லை. குழந்தைகளை வைத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் அடிக்கடி போகிறவர்கள் அந்த ஒரு காரணத்துக்காகவே மாற்றினால் நான் மறுத்துப் பேசமாட்டேன். நாங்கள் ஊருக்குள் மட்டும் ஓட்டுகிறோம். ஆர்.சி.யை 2030 வரை புதுப்பித்து வைத்துக்கொண்டுவிட்டோம்.

‘பார்ட்டி’ பற்றியும் சொல்லவேண்டும். அவர் ஒருமுறை வந்தார். விலை பேசுவதற்கு முன்பே உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, படிவம் 30 இரண்டையும் வெற்றாக நீட்டி, கையெழுத்து மட்டும் போடச் சொன்னார். வாங்குபவர் பெயர், தேதி, எதுவும் இல்லை. நான் போடவில்லை. என் அலுவலக நண்பர் ஒருவர் இதே பட்டறை வழியாகத் தன் ஆல்டோவைக் கொடுத்தபோது அப்படிப் போட்டுக் கொடுத்திருக்கிறார். வண்டி இப்போது யாரிடம் இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. அந்த வண்டிக்கான அதிவேக அபராதங்களெல்லாம் அவர் பெயருக்கே வருகின்றன. விபத்து நடந்தால் இழப்பீடும் அவர் தலையில்தான். நவீன் குமார் – விஜய் குமார் வழக்கில் 2018இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது: வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும் பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சட்டத்தின் பார்வையில் உரிமையாளர்.

புரோக்கரிடம் கொடுத்தே ஆகவேண்டும் என்றால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் அங்கீகாரச் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். 2023 ஏப்ரலிலிருந்து நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடம் வண்டியை ஒப்படைத்ததும் படிவம் 29சி மூலம் அதைப் பதிவுசெய்யலாம். அதன்பின் பொறுப்பு அவருடையது. தெருமுனைப் புரோக்கரிடம் இந்தச் சான்றைக் கேட்டால் பேச்சு மாறிவிடும். மாறினால் எழுந்து வந்துவிடுங்கள்.

இதே மாதிரி பணம் கொடுத்தவர்களுக்கு: மத்திய அரசின் நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட ஆணையத்தில் ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான விவகாரத்துக்குக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் மனு கொடுக்கவேண்டும். துண்டுச் சீட்டாக இருந்தாலும் தூக்கிப் போடாதீர்கள். நான் யு.பி.ஐ. வழியாகக் கொடுத்ததால் தொகைக்கும் தேதிக்கும் சாட்சி இருக்கிறது. பழைய பெல்ட்டைக் கழற்றுவதற்கு முன்பே வண்டியிலேயே படம் எடுத்து, பெரியவரிடம் எழுத்தில் ஒரு குறிப்பும் வாங்கி வைத்திருக்கிறேன்.

வெற்றுப் படிவத்தில் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டவர்கள் இன்றே மத்திய அரசின் வாகனப் பதிவுத் தளமான பரிவாகனில் உங்கள் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். பெயர் இன்னும் உங்களுடையதாக இருந்தால், வண்டியை யாரிடம் எந்தத் தேதியில் கொடுத்தீர்கள் என்று எழுதி, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, சேர்ந்ததற்கான சான்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். காவல் நிலையத்தில் ஒரு மனு கொடுத்து ரசீது வாங்குங்கள். விற்றவர் 14 நாளுக்குள் தெரிவிக்கவேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆவது பிரிவு. அந்தக் கெடு தாண்டியிருந்தாலும் அனுப்புங்கள். ஃபாஸ்டேக்கையும் மூடிவிடுங்கள், என் நண்பரின் வங்கிக் கணக்கிலிருந்து வானகரம் சுங்கச்சாவடிக்கு இன்னும் பணம் போய்க்கொண்டிருக்கிறது.