ஆறாத புண்ணும் வியாழக்கிழமை பெஞ்சும்: கும்பகோணம் பக்கம் பார்த்தது

இந்த முறை ஊருக்குப் போனது அத்தையின் காலுக்காக. கும்பகோணத்திலிருந்து டவுன் பஸ்ஸில் அரை மணி நேரம் எங்கள் ஊர். அத்தைக்கு இடது கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே, உள்பக்கமாக ஒரு புண். ஒரு வருடத்துக்கு மேலாக ஆறவில்லை. போனில் கேட்டால் "பரவாயில்லப்பா, காஞ்சுக்கிட்டு வருது" என்பதோடு சரி. வீடியோ காலில் முகத்தைத்தானே காட்டுவார்கள், காலையா காட்டுவார்கள்? பக்கத்துத் தெருவில் நடந்த சொந்தக்காரக் கல்யாணத்துக்கு அத்தை போகவில்லை என்று வேறொருவர் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது.

ஊரில் பெரியவர்களை விட்டுவிட்டு வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு, அங்கே என்ன கிடைக்கிறது, எங்கே இடிக்கிறது என்று தெரிந்தால் உபயோகமாக இருக்கும். அதற்காக எழுதுகிறேன்.

முதலில் நோயைப் பற்றி. அத்தைக்கு வெரிகோஸ் நரம்பு உண்டு. காலிலிருந்து ரத்தத்தை மேலே அனுப்ப வேண்டிய நாளங்களின் வால்வுகள் பழுதாகி, ரத்தம் கீழேயே தேங்கி, கணுக்காலைச் சுற்றித் தோல் கறுத்துத் தடித்துப்போகும். அங்கே ஒரு கொசுக்கடியைச் சொறிந்தால் போதும், புண்ணாகி உட்கார்ந்துகொள்ளும். இந்த வகைப் புண்ணுக்கு மேலே எந்தக் களிம்பைப் போட்டாலும் பாதி வைத்தியம்தான். கால் விரலடியிலிருந்து முழங்கால் வரை அழுத்திக் கட்டி, தேங்கும் ரத்தத்தை மேலே தள்ள வேண்டும். ஆனால் காலுக்கு இறங்கும் ரத்த ஓட்டம் சரியாக இருக்கிறதா என்று பார்க்காமல் அழுத்திக் கட்டவும் கூடாது. சுகர் உள்ளவர்களுக்கு அந்த ஓட்டமே குறைந்திருக்கலாம். அத்தைக்குச் சுகரும் உண்டு.

போன வருடம் முழுக்க அத்தை காட்டியது டவுனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில். இந்த முறை வந்ததும் நானும் ஒரு தடவை அவரோடு போனேன். உலர்ந்து ஒட்டிக்கொண்ட கட்டுத் துணியை அப்படியே சர்ரென்று உரித்தார்கள். அத்தை கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றி நுரை பொங்க விட்டார்கள். ஆண்டிபயாடிக்கை மாற்றி எழுதினார்கள். அழுத்தக் கட்டு என்ற பேச்சே இல்லை. ஆட்டோ, கட்டணம், மருந்து என்று ஒவ்வொரு முறையும் நல்ல செலவு. பெரிய ஆபரேஷன் என்றால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை கைகொடுக்கும். வாராவாரம் கட்டு மாற்றப் போகிற ஆட்டோவுக்கு எந்த அட்டையும் கிடையாது. ஆறாத புண் குடும்பத்தைக் கரைப்பது இந்தச் சில்லறையில்தான்.

எங்கள் தெருவுக்கு ஒரு பெண் மாத்திரைப் பையோடு வருவார். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் தன்னார்வலர். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம். 2024இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் வாங்கியது. சுகர், பிரஷர் மாத்திரைகளை வீட்டிலேயே கொடுத்துவிட்டு, அளவும் பார்த்துவிட்டுப் போவார்கள். நான் செய்தியில் படித்தபோது இதை வெறும் மாத்திரை விநியோகம் என்றுதான் எடுத்துக்கொண்டிருந்தேன். நேரில் பார்த்தால், அந்தப் பெண் மாத்திரையைக் கொடுத்த கையோடு கிளம்புவதில்லை. திண்ணையில் உட்கார்ந்து, "பெரியம்மா, சேலையைக் கொஞ்சம் தூக்குங்க, காலைப் பார்க்கணும்" என்றார். அத்தை மறுத்துப் பார்த்தார். நடக்கவில்லை. கட்டிலிருந்து நீர் கசிந்து பாவாடை நனைந்திருந்ததையும், வீட்டில் அத்தையின் பாய் தனியாகக் கொல்லைப்பக்கம் போனதையும் அவர் எங்களுக்கெல்லாம் முன்னாலேயே கவனித்திருந்தார். அவர்தான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லி, வலி நிவாரண சிகிச்சைக்கு வீடு வீடாகப் போகும் நர்சை வரவழைத்தார். அதுவும் இதே திட்டத்தில் அடக்கம்.

புண்ணின் வாடையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எல்லோரும் நாசூக்காகத் தாண்டிப்போகிற விஷயம் அது. அத்தை கல்யாணத்துக்குப் போகாததற்கும், கோயிலில் தூண் ஓரமாக நின்றுவிட்டுத் திரும்பியதற்கும், பெண்களுக்கு டவுன் பஸ் இலவசமாக இருந்தும் ஆட்டோவிலேயே போனதற்கும் காரணம் வலி இல்லை, வாடைதான். "பக்கத்துல உட்கார்றவங்க மூக்கைப் பொத்துனா என்ன செய்யறது?" என்று கேட்டார். வந்த நர்சு முதலில் கையில் எடுத்தது அதைத்தான். சலைனை ஊற்றிப் பழைய கட்டைப் பத்து நிமிடம் ஊற வைத்தார். அதுவரை அத்தையிடம் மருமகளைப் பற்றிப் புகார் கேட்டுக்கொண்டிருந்தார். கட்டு தானாக நழுவி வந்தது. கழுவிய புண்ணில், டாக்டரிடம் கேட்டு எடுத்து வந்திருந்த மெட்ரோனிடசோல் மாத்திரையை நைஸாகப் பொடித்துத் தூவினார். காற்றில்லாத இடத்தில் வளரும் கிருமிகள்தான் அந்த நாற்றத்துக்குக் காரணம், இந்த மருந்து அவற்றை அடக்கும். சில ரூபாய் மாத்திரை. அந்த வாரத்திலேயே வித்தியாசம் தெரிந்தது. எல்லாப் புண்ணுக்கும் இது ஆகாது, டாக்டரையோ நர்சையோ கேட்காமல் யாரும் தூவ வேண்டாம்.

அப்புறம் அத்தை பஸ் ஏறினார்.

வியாழக்கிழமைகளில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் புண் உள்ளவர்களை வரச் சொல்கிறார்கள். அரசாணை எதுவும் இல்லை, அங்கே இருக்கும் ஸ்டாஃப் நர்சு தன் வசதிக்குச் செய்துகொண்ட ஏற்பாடு. வேப்பமரத்தடியில் ஒரு சிமென்ட் பெஞ்சு. டோக்கன் எல்லாம் கிடையாது, வந்த வரிசைதான். நான் போன அன்று அரை டஜன் பேர் இருந்தார்கள். சுகரில் கட்டைவிரல் போன ஒரு லாரி டிரைவர். யானைக்கால் உள்ள பெரியவர் ஒருவர். கும்பகோணம் பக்கத்துக்கு அந்த நோய் பழைய சொந்தம், புதிதாக வருவது குறைந்தாலும் வந்தவர்களின் கால் அப்படியேதான் இருக்கிறது. தொழுநோய் குணமாகியும் பாதத்தில் உணர்ச்சி திரும்பாமல், எம்சிஆர் எனும் மெத்தென்ற ரப்பர் செருப்பு போட்ட இன்னொருவர்.

யானைக்கால் பெரியவர்தான் அந்த பெஞ்சின் வாத்தியார் என்று சொல்ல வேண்டும். அரசு கொடுத்த பக்கெட், மக், சோப்பு வைத்துக் காலைத் தினமும் எப்படிக் கழுவுவது, விரல் இடுக்கில் ஈரம் தங்காமல் துணியை எப்படி விட்டுத் துடைப்பது என்று லாரி டிரைவருக்குச் செய்தே காட்டினார். விரல் இடுக்கு வெடித்து அதன் வழியாகக் கிருமி ஏறித்தான் காய்ச்சலும் வீக்கமும் வரும் என்பதை நர்சு சொன்னால் டிரைவர் தலையாட்டிவிட்டுப் போயிருப்பார். இவர் சொன்னபோது திருப்பிக் கேள்வி கேட்டார். யானைக்கால் முற்றியவர்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் உதவித்தொகை உண்டு, அதற்கு எங்கே யாரைப் பார்ப்பது என்ற விவரமும் அந்த பெஞ்சிலேயே கிடைத்தது.

உள்ளே நர்சு ஒவ்வொருவருக்கும் உள்ளங்காலில் ஒரு நைலான் இழையை வைத்துப் பார்க்கிறார். கண்ணை மூடிக்கொண்டு, இழை படுவது தெரிந்தால் "ம்" சொல்ல வேண்டும். சுகர் உள்ளவர்களின் பாதத்தைக் காக்கத் தஞ்சை மாவட்டத்தில் முன்னோட்டமாகத் தொடங்கிய பாதம் பாதுகாப்போம் திட்டத்தில் வந்த பழக்கம் இது. அத்தை பல இடங்களில் "ம்" சொல்லவில்லை. அவரே அதிர்ந்துபோனார். வலி தெரியாத கால்தான் அதிகம் கெடும் என்பதைத் தொழுநோயாளிகளை வைத்து உலகத்துக்கு எடுத்துக் காட்டியவர்களில் முக்கியமானவர் பால் பிராண்ட். 1914இல் கொல்லிமலையில் பிறந்து, வேலூர் சிஎம்சி மருத்துவக் கல்லூரியில் வேலை பார்த்த டாக்டர். அன்றைக்குத் தொழுநோய்க்குக் கண்டது இன்று சுகர் காலுக்கு உதவுகிறது. எம்சிஆர் செருப்புக்காரரும் என் அத்தையும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்ததில் மருத்துவ நியாயமும் இருக்கிறது. அத்தை முதலில் அவரிடமிருந்து சற்றுத் தள்ளித்தான் உட்கார்ந்தார், அதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது வாரம் அவரிடமே செருப்பு எங்கே கிடைக்கும் என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

இதைப் பார்க்கும்போது எனக்கு இங்கிலாந்து ஞாபகம் வராமல் இருக்காது. நான் இருக்கும் சஃபோக் மாவட்டத்தில்தான், பார்ஹாம் என்ற கிராமத்தில், 1995இல் எல்லி லிண்ட்சே என்ற மாவட்ட நர்சு 'லெக் கிளப்' என்று ஒன்றைத் தொடங்கினார். ஆஸ்பத்திரியில் நடக்காது. ஊர்ப் பொது மண்டபத்திலோ சர்ச் ஹாலிலோ நடக்கும். அப்பாயின்ட்மென்ட் வேண்டாம். வருகிறவர்களை நோயாளி என்று சொல்ல மாட்டார்கள், உறுப்பினர் என்பார்கள். பிளாஸ்டிக் பை விரித்த பக்கெட்டில் வெந்நீர் விட்டுக் காலைக் கழுவி, எல்லோர் முன்னாலும் கட்டுப் போடுவார்கள். டீ, பிஸ்கட், வம்பு எல்லாம் உண்டு. என் பக்கத்து வீட்டுப் பாட்டியை அப்படி ஒரு கிளப்புக்கு நான் காரில் கொண்டுவிடுவது வழக்கம். மற்றவர் புண் சின்னதாவதைக் கண்ணால் பார்க்கிறவர் தன் கட்டை அவிழ்த்துப் போடுவதில்லை என்பதை அங்கேதான் கவனித்தேன். ஆறிய பிறகும் வந்துபோகிறார்கள், அதனால் மறுபடி வெடித்தால் உடனே தெரிந்துவிடுகிறது.

பணக்கார நாடு, எல்லாம் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். 2017-18 கணக்குப்படி பிரிட்டனில் 38 லட்சம் பேருக்குப் புண் வைத்தியம் நடந்தது, அரசு மருத்துவ சேவைக்கு ஆன செலவு 830 கோடி பவுண்டு. அதில் பெரும்பகுதி ஆஸ்பத்திரி வார்டுக்கு வெளியே, வீட்டிலும் ஊர் கிளினிக்கிலும் நடக்கும் வேலைக்கு. அங்கேயும் நர்சு வீட்டுக்கு வந்து கட்டிவிட்டு ஓடுகிறார். தனியாக இருக்கும் முதியவருக்கு வாரத்தில் பார்க்கிற ஒரே முகம் அந்த நர்சுடையதாக இருப்பதும் உண்டு.

என் அபிப்பிராயம் இதுதான். வீடு தேடி வருவது நம் ஊரில் நன்றாகவே நடக்கிறது, படுத்த படுக்கையாக இருப்பவருக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் அத்தை மாதிரி நடக்க முடிகிறவரை வீட்டிலேயே வைத்துக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தால், புண்ணால் ஏற்கெனவே ஒதுங்கியவர் இன்னும் ஒதுங்குவார். வீட்டுக்கு வருகிற பெண்ணின் வேலை, அவரை வாசல்வரை கொண்டுவந்து பஸ் ஏற்றிவிடுவதோடு சேர்ந்திருக்க வேண்டும். மலப்புரம் பக்கம் 2001 முதல் வலி நிவாரண சிகிச்சையை ஊர்க்காரர்களே நடத்துகிறார்கள். மளிகை வாங்கிக் கொடுப்பதிலிருந்து பேச்சுத் துணை வரை அக்கம்பக்கத்தாரே பார்த்துக்கொள்கிறார்கள். கேரளாவால் முடிந்தது காவிரிக் கரையில் முடியாதா?

குறைகளும் உண்டு. மரத்தடி பெஞ்சு மழை வந்தால் கிடையாது. அழுத்தக் கட்டுக்குச் சரியான பேண்டேஜ் அங்கே இல்லை, சாதாரண கிரேப் பேண்டேஜ்தான், இரண்டு தடவை துவைத்தால் தொளதொளவென்று ஆகிவிடும். ரத்த ஓட்டம் பார்க்கும் டாப்ளருக்குத் தஞ்சாவூர் போக வேண்டியிருந்தது. பார்த்ததில் ஓட்டம் போதும் என்றார்கள், அதன் பிறகே டாக்டர் அழுத்திக் கட்டச் சொன்னார். அந்தத் தன்னார்வலர் பெண்ணுக்கு மாதம் கிடைப்பது சில ஆயிரம் ஊக்கத்தொகை, அதற்கு அவர் ஏறி இறங்கும் படிகளைப் பார்த்தால் நமக்கே கூச்சமாக இருக்கும். எல்லாமே ஒரு நர்சின் மனசை நம்பி நடக்கிறது. அவருக்கு மாற்றல் வந்தால் வியாழக்கிழமை என்னாகும் என்று பெஞ்சில் உள்ளவர்கள் இப்போதே கவலைப்படுகிறார்கள்.

அத்தையின் புண் இன்னும் ஆறவில்லை. விளிம்பில் புதுத்தோல் ரோஸ் நிறத்தில் ஏறியிருக்கிறது. சுகர் அடங்கினால் இன்னும் சில மாதத்தில் மூடும் என்றார் டாக்டர். அவர் சொன்ன இன்னொன்று, உட்காரும்போது காலைத் தொங்கப்போடாமல் நாற்காலியில் நீட்டி வைக்க வேண்டும். அத்தைக்கு அது மரியாதைக் குறைவு. ஆம்பிளைகள் முன்னால் முடியவே முடியாது என்கிறார், சண்டை நடந்துகொண்டிருக்கிறது.

சிங்கப்பூர், துபாய், லண்டன் என்று சிதறிக்கிடக்கும் எங்கள் ஊர்க்காரர்களின் வாட்ஸப் குழுவில் கும்பாபிஷேகத்துக்குப் பணம் சேர்ந்த வேகம் எல்லோருக்கும் தெரியும். அதே குழுவில் தகர ஷெட், நாலு ஸ்டூல், இரண்டு பக்கெட், ஒரு மின்விசிறி, நல்ல பேண்டேஜ் என்று பட்டியல் போட்டேன். ஷெட்டுக்கும் விசிறிக்கும் ஒரே நாளில் ஆள் வந்துவிட்டார்கள், பேண்டேஜுக்கு இன்னும் இழுக்கிறது, கண்ணில் படாத செலவு ஆயிற்றே. மருத்துவ அலுவலர் எழுத்தில் அனுமதி தருகிறேன் என்றிருக்கிறார். பஞ்சாயத்துத் தலைவர் கேட்ட ஒரே கேள்வி, "நன்கொடையாளர் பேரை ஷெட்டுல எங்கே எழுதணும்?" எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். துபாய் சித்தப்பா மட்டும் விசிறியிலாவது போடலாமே என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.