மெடல் ஏற்றித் தருகிறேன் என்பவரிடம் டிஸ்சார்ஜ் புக்கைக் கொடுக்காதீர்கள்

வேலூர், ராணிப்பேட்டை, திருவண்ணாமலை பக்கம் இருக்கும் முன்னாள் ராணுவத்தினருக்கும் அவர்கள் வீட்டாருக்கும் இதை எழுதுகிறேன். உங்கள் சர்வீஸில் கிடைக்க வேண்டிய மெடல் டிஸ்சார்ஜ் புக்கில் (பணி முடிந்து வரும்போது கையில் தரும் சர்வீஸ் விவரப் புத்தகம்) ஏறாமல் விட்டுப்போயிருந்தால், அதை ஏற்றுவதற்கு ஒரு பைசா கட்டணம் கிடையாது. ஏற்றும் அதிகாரம் உங்கள் படைப்பிரிவின் ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்டு ஆபீஸுக்கு மட்டும்தான். இடையில் ஒருவர் வந்து "புக்கைக் கொடுங்க, நான் பார்த்துக்கிறேன்" என்றால், அவர் உங்களோடு ஒரே பாரக்கில் படுத்தவராகவே இருந்தாலும் புக் கைமாறக் கூடாது. என்னுடையது கைமாறியது. திரும்பி வந்தபோது அதில் இருந்த ஒரு பொய் சீல் இன்றுவரை என் வேலைகளை நிறுத்தி வைத்திருக்கிறது.

நான் 1994-ல் சேர்ந்து 2011-ல் ஹவில்தாராகப் பென்ஷன் வந்தவன். 1999 கார்கில் சமயத்தில் என் யூனிட்டிலிருந்து வேறு ஒரு யூனிட்டுக்கு அட்டாச்மென்ட்டில், அதாவது தற்காலிகமாகச் சேர்ந்து வேலை பார்க்க, போயிருந்தேன். திராஸ் பக்கம்தான் வேலை. பிறகு ஒரு முறை சியாச்சின். வீட்டுக்கு வந்தபோது புக்கில் இருந்தவை 50-வது சுதந்திர ஆண்டு மெடல், 9 வருட லாங் சர்வீஸ் மெடல், பராக்கிரம் மெடல், இவ்வளவுதான். கார்கிலுக்கான ஆப் விஜய் ஸ்டாரும் சியாச்சின் கிளேசியர் மெடலும் இல்லை. ரெக்கார்டு ஆபீஸுக்கு எழுதினேன். "உங்கள் ஆவணங்களில் இதற்கான பார்ட் டூ ஆர்டர் இல்லை" என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. பார்ட் டூ ஆர்டர் என்பது யூனிட் வெளியிடும் பதிவு ஆணை. எந்த மெடலைச் சொல்கிறார்கள், யாரிடம் கேட்க வேண்டும், ஒன்றும் இல்லை. கேட்டவன் பதினேழு வருடம் வேலை பார்த்தவன் என்ற நினைப்பே இல்லாத பதில். இப்படிப்பட்ட கடிதங்கள்தான் ஏஜென்ட்டுகளுக்குச் சோறு போடுகின்றன என்பது என் அபிப்பிராயம்.

இப்போது ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி சூப்பர்வைசராக இருக்கிறேன். லீவு போட்டால் சம்பளம் போச்சு. அப்போதுதான் பக்கத்து ஊர்க் கல்யாண மண்டபத்தில் முகாம் என்று நோட்டீஸ் வந்தது. ஸ்பர்ஷ் (பென்ஷனுக்கான ஆன்லைன் தளம்) திருத்தம், ஓ.ஆர்.ஓ.பி. (ஒரே ரேங்க், ஒரே பென்ஷன்) அரியர், மெடல் எண்ட்ரி, பிள்ளைகளுக்கு உதவித்தொகை என்று எல்லாம் ஒரே தாளில். நடத்தியவர் ரிட்டயர்டு சுபேதார் என்று சொல்லிக்கொண்டார். எல்லோரும் அவரை "சாப்" என்றுதான் கூப்பிட்டார்கள். அவரும் பேச்சுக்குப் பேச்சு இந்தி கலந்து, யூனிட் பெயரெல்லாம் சொல்லி, தோளில் கை போட்டு, "தம்பி, டெல்லி மெடல் செக்‌ஷன்ல நம்ம பசங்க இருக்காங்க. ஸ்டார் ஏறிட்டா மாசாமாசம் அலவன்ஸ், 99-லிருந்து அரியர். பொண்ணுக்குக் காலேஜ்ல கார்கில் கோட்டா" என்றார். கட்டணம் 18,000 ரூபாய். பாதி முன்பணம். ஒரிஜினல் டிஸ்சார்ஜ் புக் வேண்டும்.

அவர் சொன்னதில் எது எது பொய் என்று பிரித்துச் சொல்லிவிடுகிறேன். இதே வசனம் உங்கள் ஊருக்கும் வரும்.

அலவன்ஸ் என்பது வீரதீர விருதுகளுக்கு மட்டும். 2017-ல் அந்தத் தொகையை மத்திய அரசு இரட்டிப்பாக்கியது. அதன்படி பரம் வீர் சக்கரத்துக்கு மாதம் 20,000, அசோக சக்கரத்துக்கு 12,000, மகா வீர் சக்கரத்துக்கு 10,000, கீர்த்தி சக்கரத்துக்கு 9,000, வீர் சக்கரத்துக்கு 7,000, சௌர்ய சக்கரத்துக்கு 6,000, வீரதீரத்துக்கான சேனா மெடலுக்கு 2,000. ஆப் விஜய் ஸ்டார், ஆப் விஜய் மெடல், பராக்கிரம், சியாச்சின், ஹை ஆல்டிட்யூட், லாங் சர்வீஸ் எல்லாம் அந்த இடத்தில், அந்தக் காலத்தில் பணியில் இருந்ததற்கானவை. அவற்றுக்கு மாதப் பணம் கிடையாது. பணமே இல்லாதபோது அரியர் எங்கிருந்து வரும்? கோட்டா கதையும் அப்படித்தான். முன்னாள் படைவீரர் பிள்ளைகளுக்கான முன்னுரிமை வரிசையில் வீரதீர விருது பெற்றவர்களின் பிள்ளைகளுக்குத் தனி இடம் உண்டு. கார்கிலில் இருந்ததற்கான ஸ்டாரால் வரிசையில் ஒரு படிகூட மேலே போக முடியாது. என் பெண்ணுக்குக் கிடைக்கக்கூடியது சாதாரண முன்னாள் படைவீரர் பிள்ளைக்கான இடம். அது இந்த ஸ்டார் இல்லாமலே உண்டு.

அப்புறம் ஏன் இந்த மெடலுக்கு அலைகிறாய் என்று வீட்டிலும் கேட்டார்கள். இருந்த இடத்தை இல்லை என்று எழுதி வைத்திருக்கிறார்களே, அதற்காகத்தான்.

சில மாதம் கழித்து சாப் கூப்பிட்டு ஒரு பெட்டி கொடுத்தார். உள்ளே இரண்டு மெடல், பளபளவென்று, ரிப்பனோடு. ஒரு சான்றிதழ். புக்கில் சிவப்பு மையில் இரண்டு வரி, மேலே வட்ட சீல், ஒரு கையெழுத்து. மீதிப் பணத்தை அவருடைய உறவுக்காரர் நம்பருக்கு யு.பி.ஐ.யில் போடச் சொன்னார்.

மெடலின் விளிம்பைத் திருப்பிப் பார்த்தேன். அரசு தரும் மெடலில் விளிம்பில் நம்பர், ரேங்க், பெயர் பொறித்திருக்கும். என் பழைய மெடல்களில் இருக்கிறது. இதில் வழவழவென்று ஒன்றுமே இல்லை. கேட்டதற்கு, "இப்பல்லாம் பொறிக்கிறதை நிறுத்திட்டாங்க தம்பி" என்றார். அரசு மெடல் கைக்கு வர வருடக்கணக்கில் ஆவதால் கன்டோன்மென்ட் கடையில் வாங்கி மாட்டிக்கொள்வது சர்வீஸில் இருக்கும்போதே நமக்குப் பழக்கம். அந்தப் பழக்கத்தைத்தான் இவர்கள் காசாக்குகிறார்கள். கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சரக்கு அது.

அதைவிடப் பெரிய விஷயம் பெண்ணின் கல்லூரி விண்ணப்பத்துக்காக மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் சார்ந்தோர் சான்று வாங்கப் போனபோதுதான் வெளியே வந்தது. அங்கே இருந்தவர் புக்கைப் புரட்டிக்கொண்டே வந்து அந்தப் பக்கத்தில் நின்றார். "சார், இந்த எண்ட்ரி யார் போட்டது?" எதற்குக் கேட்கிறீர்கள் என்றேன். அவர் விரலை வைத்துக் காட்டினார். பார்ட் டூ ஆர்டர் நம்பரும் இல்லை, தேதியும் இல்லை. சான்றிதழில் என் ஆர்மி நம்பரின் கடைசியில் வரும் எழுத்து தப்பு. நம் நம்பரின் முடிவில் ஒரு ஆங்கில எழுத்து இருக்கிறதல்லவா, அது சும்மா அலங்காரத்துக்கு இல்லை, நம்பர் சரியா என்று பார்ப்பதற்கான எழுத்து. சாப்புக்கு அது தெரியவில்லை. இவர் உண்மையிலேயே சுபேதாரா என்ற சந்தேகம் எனக்கு அங்கேதான் வந்தது.

ரெக்கார்டு ஆபீஸ் தெளிவுபடுத்தும் வரை இந்தப் புக்கை வைத்து எந்தச் சான்றும் தர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் மேல் கோபம் இல்லை. திருத்திய ஆவணத்தில் யார் கையெழுத்துப் போடுவார்கள்? முன்னாள் படைவீரர் அடையாள அட்டை, கேன்டீன் கார்டு, இ.சி.எச்.எஸ். மருத்துவ வசதி, பிள்ளைகள் சான்று என்று எதற்குப் போனாலும் முதலில் கேட்பது டிஸ்சார்ஜ் புக். அதில் பொய் சீல் விழுந்தால் ஒரு மெடலோடு போகாது, நம் சர்வீஸ் மேலேயே சந்தேகம் விழும்.

மெடல் எப்படி ஏறுகிறது என்று தெரிந்திருந்தால் இந்த ஆட்கள் பிழைக்க முடியாது. அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஒரு ஜவான் சர்வீஸில் எது நடந்தாலும், லீவு, கோர்ஸ், புரமோஷன், கல்யாணம், குழந்தை, மெடல், எல்லாவற்றையும் யூனிட் பார்ட் டூ ஆர்டராக வெளியிடும். அது ரெக்கார்டு ஆபீஸுக்குப் போகும். அங்கே இருக்கும் ஷீட் ரோல் என்ற உங்கள் சர்வீஸ் பதிவேட்டில் ஏறும். வீட்டுக்கு வரும்போது கையில் கிடைக்கும் டிஸ்சார்ஜ் புக் இதையெல்லாம் பார்த்து எழுதித் தருவது. ஆக மூலம் ஷீட் ரோல். மெடல் விடுபடுவது இரண்டு இடத்தில் நடக்கும். ஒன்று, பார்ட் டூ ஆர்டரே போடாமல் விட்டிருப்பார்கள். அட்டாச்மென்ட்டில் இருந்தவனை எந்த யூனிட் சேர்ப்பது என்று இரண்டு யூனிட்டும் விட்டுவிடுவது சகஜம். இன்னொன்று, ஆர்டர் போய் ஷீட் ரோலிலும் ஏறியிருக்கும், புக் எழுதும் கிளார்க் விட்டிருப்பார்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் (ஆர்.டி.ஐ.) என் ஷீட் ரோல் நகல் கேட்டு வாங்கினேன். சியாச்சின் மெடல் அதில் இருந்தது! ஆர்டர் நம்பர், தேதி எல்லாவற்றோடும். புக்கில் மட்டும்தான் எழுதாமல் விட்டிருக்கிறார்கள். ஏற்கனவே என் பெயரில் இருந்த மெடலுக்குத்தான் அந்த ஆளிடம் பணம் கொடுத்திருக்கிறேன். "ஆவணங்களில் இல்லை" என்று ஒற்றை வரியில் எழுதிய புண்ணியவான் ஷீட் ரோலைத் திறந்து பார்த்தாரா என்பதும் எனக்குச் சந்தேகம்தான்.

அதனால் முதல் வேலை ஷீட் ரோல் நகல். ஆர்.டி.ஐ. கட்டணம் 10 ரூபாய், நகலுக்குப் பக்கம் 2 ரூபாய், 30 நாளில் பதில் தர வேண்டும், ஆன்லைனிலும் போடலாம். பதில் வராவிட்டாலோ அரைகுறையாக வந்தாலோ முதல் மேல்முறையீடு செய்யலாம், அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. எந்த ரெக்கார்டு ஆபீஸ் என்பது உங்கள் படையைப் பொறுத்தது. மெட்ராஸ் ரெஜிமென்ட்டுக்கு வெலிங்டன், எம்.இ.ஜி. என்ற மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்புக்கு பெங்களூரு, பீரங்கிப் படைக்கு நாசிக் ரோடு, இ.எம்.இ. என்ற மின், இயந்திரப் பொறியியல் படைக்கு செகந்திராபாத், சிக்னல்ஸுக்கு ஜபல்பூர். ஷீட் ரோலில் மெடல் இருந்தால், ஆர்டர் நம்பரைக் குறிப்பிட்டு ஒரு கடிதம் எழுதிப் புக்கில் ஏற்றக் கேட்டால் போதும். மாவட்ட நல அலுவலகம் வழியாக அனுப்பினால் முகப்புக் கடிதம் போட்டு அவர்களே அனுப்புவார்கள். அதுவும் இலவசம்.

ஷீட் ரோலிலும் இல்லை என்றால் நீங்கள் அங்கே இருந்ததைக் காட்ட வேண்டும். மூவ்மென்ட் ஆர்டர், அட்டாச்மென்ட் ஆர்டர், அந்த நாட்களின் மருத்துவக் குறிப்பு எதுவானாலும் எடுத்து வையுங்கள். பலர் தூக்கிப் போடும் ஒன்று இருக்கிறது, பழைய பே ஸ்லிப். ஃபீல்டு ஏரியா அலவன்ஸோ சியாச்சின் அலவன்ஸோ வெறுமனே போட மாட்டார்கள், அதற்கும் பார்ட் டூ ஆர்டர் வேண்டும். அலவன்ஸ் விழுந்திருக்கிறது என்றால் அந்த இடத்தில் இருந்ததாக ஒரு ஆர்டர் இருந்திருக்கிறது என்று அர்த்தம். என் ஸ்டார் விஷயத்தில் இதைத்தான் வைத்தேன். அட்டாச்மென்ட்டில் இருந்த யூனிட்டுக்கும் தனியாக எழுதினேன். ரெக்கார்டு ஆபீஸ் இப்போது அந்த யூனிட்டிடம் சரிபார்க்கக் கேட்டிருக்கிறது. ஆனால் கூடவே, பொய் எண்ட்ரி உள்ள புக்கை விளக்கக் கடிதத்தோடு திருப்பி அனுப்பவும் சொல்லியிருக்கிறது. அந்த விசாரணை முடிந்தால்தான் இதுவும் நகரும்.

பென்ஷன் இல்லாமல் வந்தவர்கள் கொஞ்சம் வேகமாகச் செய்யுங்கள். அவர்களுடைய ஆவணங்களை 25 வருடம்தான் வைத்திருப்பார்கள், பிறகு அழித்துவிடலாம் என்பது விதி.

எழுதிக் கேட்டும் மறுத்தால் சென்னையில் ஏ.எஃப்.டி. (ஆயுதப்படைத் தீர்ப்பாயம்) அமர்வு இருக்கிறது. ஆனால் நேரே அங்கே போக முடியாது. முறைப்படி ரெக்கார்டு ஆபீஸிலும் மேலிடத்திலும் கேட்டுப் பார்த்திருக்க வேண்டும், இறுதி மறுப்பு வந்த ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும். இதைச் சொல்வதற்குக் காரணம், அதே சாப் இன்னொருவரிடம் "கோர்ட்ல கேஸ் போட்டாச்சு" என்று சொல்லிக் காலத்தை ஓட்டியிருக்கிறார். கேஸ் நம்பர் கேட்டால் இல்லை. அந்த ஆறு மாதம் போய்விட்டது. ஏ.எஃப்.டி.யில் வக்கீல் வைத்தும் வாதாடலாம், நீங்களே நேரில் நின்றும் சொல்லலாம், சட்டத்திலேயே இடம் இருக்கிறது.

முகாமில் சிலரிடம் ஸ்பர்ஷ் பாஸ்வேர்டும் ஓ.டி.பி.யும் வாங்கியதைப் பார்த்தேன். மெடலுக்கும் ஸ்பர்ஷ் லாகினுக்கும் என்ன சம்பந்தம்? பென்ஷன் போகும் பேங்க் கணக்கு விவரம் அதில்தான் இருக்கிறது. கொடுத்திருந்தால் இன்றே பாஸ்வேர்டு மாற்றுங்கள். பணம் போயிருந்தால் சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு உடனே போன் போடுங்கள்.

போலீஸில் புகார் கொடுத்திருக்கிறேன். இப்போதைக்கு சி.எஸ்.ஆர்., அதாவது புகாரைப் பெற்றதற்கான ரசீதுதான், எஃப்.ஐ.ஆர். இன்னும் போடவில்லை. விசாரணைக்குக் கூப்பிட்டபோது சாப் டைப்பிங் கட்டணம் மட்டும்தான் வாங்கியதாகச் சொன்னாராம். யு.பி.ஐ. ரசீதை நீட்டிய பிறகு பாதிப் பணம் திரும்பியது. மீதிக்கு வாய்தா. இந்த வாரம் கேள்விப்பட்டது, ஆரணி பக்கம் அடுத்த முகாம் போடப் போகிறார்களாம். நோட்டீஸில் "மெடல் எண்ட்ரி" என்று ஒரு வரி இருந்தால் அதைப் போட்டோ எடுத்து உங்கள் மாவட்ட நல அலுவலகத்தில் கொடுங்கள். ஏற்கனவே புக் கொடுத்தவர்கள் திரும்ப வாங்கியதும் ஒவ்வொரு பக்கமாகப் பாருங்கள், புதிதாக ஏதாவது எழுதியிருந்தால் நீங்களே அழிக்கவோ கிழிக்கவோ வேண்டாம், அப்படியே எடுத்துப்போய்ப் புகாரோடு காட்டுங்கள்.