பிரேவ் லூபஸா, வைல்டு நைட்ஸா?

ஜப்பான் ரக்பி லீக் ஒன் பார்க்கத் தொடங்குபவர்கள் தடுமாறுவது இந்த இரண்டு அணிகளுக்கிடையில்தான்.

கோப்பை: சைதாமா வைல்டு நைட்ஸ் 2022இல் முதல் சாம்பியன், அடுத்த இரு இறுதிப்போட்டிகளிலும் தோல்வி. தோஷிபா பிரேவ் லூபஸ் 2024, 2025 என அடுத்தடுத்து இரண்டு.

ஆட்டம்: வைல்டு நைட்ஸின் உயிர் தற்காப்பு. எதிரணி பந்தைத் தவறவிட்டதும் பக்கவாட்டுக்கு விரித்து, சென்டர் இடத்தில் ஆடும் டிலன் ரைலியை ஓடவிடுவார்கள். பிரேவ் லூபஸ் முன்வரிசை பலத்தால் இடித்து முன்னேறும். அந்தப் பலத்துக்குத் திசை காட்ட 2023-24 சீசனில் நியூசிலாந்து வீரர் ரிச்சி மொஉங்கா வந்தார். 2024 இறுதிப்போட்டியில் பிரேவ் லூபஸ் வைல்டு நைட்ஸை 24-20 என வென்றது. கடைசி நிமிடங்களில் வைல்டு நைட்ஸ் வைத்த ட்ரை (எதிரணிக் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைத்துப் புள்ளி பெறுவது), பந்து விதியை மீறி முன்னோக்கி வீசப்பட்டதால் ரத்தானது. இரு அணிகளையும் புரிந்துகொள்ள அந்த ஒரு ஆட்டம் போதும். மொஉங்கா 2025 இறுதிப்போட்டியில் முறிந்த கையோடு ஆடினார். என்ன மனிதர்!

மைதானம்: வைல்டு நைட்ஸ் ஆடும் குமகயா மைதானம் ரக்பிக்கென்றே கட்டியது, ஆட்டம் கண்ணருகே தெரியும், ஆனால் டோக்கியோவிலிருந்து ரயில் பிடித்து, குமகயா நிலையத்திலிருந்து பஸ்ஸும் ஏற வேண்டும். பிரேவ் லூபஸ் ஆடும் அஜினோமோட்டோ ஸ்டேடியம் டோக்கியோவிலேயே, தோபிதாக்யூ நிலையத்திலிருந்து நடைதூரம்.

டோக்கியோவில் ஒரே நாள்தான் என்றால் பிரேவ் லூபஸ். தற்காப்பின் நுட்பம் பழக விரும்பினால், தூரம் பார்க்காமல் குமகயா போங்கள்.