ஓரம் இல்லாத பதிவேடு

சிங்கப்பூரிலிருந்து காரில் கிளம்பினால் மலேசியாவின் பேராக்கில் இருக்கும் எங்கள் பட்டணம் போய்ச்சேர ஒரு பகல் கழிந்துவிடும். 2025 ஜூலையிலிருந்து சிங்கப்பூர் வண்டிகளுக்கு மலேசிய நுழைவு அனுமதி இல்லாவிட்டால் 300 ரிங்கிட் அபராதம் என்பதால், அதற்கான பட்டையை முன்கூட்டியே ஒட்டிக்கொண்டுதான் புறப்பட்டேன். ஊரைச் சுற்றி முன்பு ரப்பர், இப்போது செம்பனை. நடுவில் இரண்டு வரிசைக் கடைகள், சந்தை, மாரியம்மன் கோவில், தமிழ்ப்பள்ளி. நான்கு நாள் தங்கினேன். அதில் ஒன்றரை நாள் இரண்டு கணினி முறைகளோடு மல்லுக்கட்டியே போனது. என் பிழைப்பும் இதே துறைதான் என்பதால் எனக்குக் கோபமும் கூடுதல், கூச்சமும் கூடுதல்.

முதலில் கார் நிறுத்தம். முன்பெல்லாம் கூப்பன். கடையில் வாங்கி, நாளையும் நேரத்தையும் சுரண்டி, கண்ணாடிக்குள் வைத்துவிட்டுப் போவோம். இப்போது கைப்பேசிச் செயலி. வண்டி எண்ணைப் பதித்துப் பணம் கட்டினால் போதும். மீன்காரர் மீன் வெட்டிக்கொண்டிருக்கும்போதே நேரத்தை நீட்டிக்கொள்ளலாம். மெச்ச வேண்டியதை மெச்சத்தான் வேண்டும். வடை விற்கும் பாட்டிகூட, கைப்பேசியில் பணம் வாங்க, டூயிட்நவ் கியூஆர் அட்டையைத் தட்டின்மேல் சாய்த்து வைத்திருக்கிறார்.

அன்று அத்தானின் காரை எடுத்துப் போயிருந்தேன். எண்ணைப் பதிக்கும்போது 38 என்பதை 83 என்று தட்டிவிட்டேன். செயலி நன்றி சொல்லிப் பணத்தை எடுத்துக்கொண்டது. திரும்பி வந்து பார்த்தால் வைப்பருக்கு அடியில் சம்மன்.

தவறு என்னுடையதுதான். ஆனால் இந்தத் தவறு சிங்கப்பூரில் இவ்வளவு எளிதாக நடந்திருக்காது. அங்கே வண்டி எண்ணின் கடைசியில் வரும் எழுத்து அலங்காரத்துக்கு அல்ல. முன்னெழுத்துகளுக்கு மதிப்புக் கொடுத்து, அவற்றையும் இலக்கங்களையும் வெவ்வேறு எண்களால் பெருக்கிக் கூட்டி, 19ஆல் வகுத்து, வரும் மீதியிலிருந்து அந்த எழுத்தை எடுக்கிறார்கள். பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் எழுத்து பொருந்தாமல் காட்டிக்கொடுத்துவிடும். மலேசிய எண்பலகையிலும் யோசனை இல்லாமல் இல்லை. 1, 0 ஆகியவற்றோடு குழம்பும் என்று ஐ, ஓ என்ற ஆங்கில எழுத்துகளை ஒதுக்கிவிட்டார்கள். அது கண்ணுக்கு வைத்த காவல். விரலுக்குக் காவல் இல்லை. எண்பலகையை மாற்ற முடியாது, சரி. எண்ணை இன்னொரு முறை கேட்கலாம் அல்லவா? பணம் கட்டிய பத்து நிமிடத்துக்குள் திருத்திக்கொள்ள ஒரு பொத்தான் கொடுக்கலாம் அல்லவா? இதெல்லாம் ஒரு வார வேலைகூட இல்லை.

சம்மனோடு போன அலுவலகத்தில் முகப்பில் இருந்த அம்மா ரசீதைப் பார்த்தார். என் புண்ணியத்தில் யாரோ ஒருவருக்கு இன்று இலவசம் என்று மலாயில் சொல்லிச் சிரித்தார். நான் சொன்னதை அவர் நம்பினார். அந்த நம்பிக்கையைப் பதிய அவருடைய திரையில்தான் இடம் இல்லை. கட்டியாயிற்று, கட்டவில்லை என்று இரண்டே பெட்டிகள்.

மாலையில் அப்பாவிடம் இதைச் சொன்னேன். அவர் ரப்பர் தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கராக, இருந்தவர். விடியுமுன் பெரட்டில், ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிட்டு, வந்தவர்களைச் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் குறிப்பார். கட்டங்களுக்குப் பக்கத்தில் ஓரமாகக் கொஞ்சம் வெற்றிடம் இருக்கும். அதில் "மழை, பாதி வெட்டு", "பிள்ளைக்குக் காய்ச்சல், எட்டு மணிக்கு வந்தாள்" என்று பென்சிலில் எழுதி வைப்பாராம். "அதை எழுதாமல் விட்டால், சம்பளத்தன்று லயமே நம் வாசலில் வந்து நிற்கும்" என்றார். லயம் என்றால் தொழிலாளர்களின் வரிசை வீடுகள். அப்பாவை நல்ல கிராணி என்று எல்லோரும் சொல்வதில்லை. அது வேறு கதை.

மறுநாள் அக்காவின் கடைக்குட்டிக்காகப் பள்ளிக்குப் போனேன். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்டம் பள்ளி வைக்க வேண்டும் என்றது 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். அப்படி லயத்துப் பக்கம் தகரக் கொட்டகையில் தொடங்கிப் பின்னர் பட்டணத்துக்கு வந்த பள்ளி இது. 150 பேருக்கும் குறைவாகப் படிப்பதால் குறைந்த மாணவர் பள்ளிகளின் கணக்கில் சேர்கிறது. அலுவலகத்தில் ஒரே ஓர் அக்கா, எல்லா வேலையும் அவர் தலையில்.

சிக்கல் பஸ் கட்டணம் வாங்கும் ஒரு தனியார் செயலியில். எங்கள் பெண் பிள்ளைகளின் பிறப்புப் பத்திரத்தில் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவே "ஏ/பி" இருக்கும், ஆண் பிள்ளைகளுக்கு "ஏ/எல்". மலாயில் மகள், மகன் என்பதன் சுருக்கம். அந்தச் செயலி நடுவில் வரும் சாய்கோட்டை (/) ஏற்காது. யாரோ கோடு இல்லாமல் பதித்திருக்கிறார், இன்னொருவர் இடைவெளி விட்டு இன்னொரு முறை பதித்திருக்கிறார். ஒரே குழந்தை இரண்டு குழந்தைகளாகிவிட்டாள். ஒருத்தி பணம் கட்டியவள். மற்றவளுக்கு நிலுவை, அந்த நிலுவைக்கு இரவு பதினொரு மணிக்கு என் அக்காவுக்குக் குறுஞ்செய்தி.

திட்டத்தான் வாயெடுத்தேன். ஆனால் நானும் இந்தப் பாவத்தைச் செய்தவன். சாய்கோடு என்றால் நாசவேலைக்காரன் நுழைக்கும் குறி என்று பயந்து, பெயர்ப் பெட்டியில் அதைத் தடுத்து ஒரு வரி எழுதியிருக்கிறேன். ஆங்கிலத்தில் மகன், மகள் என்பதைக் குறிக்கும் சிங்கப்பூர்த் தமிழர்களின் "எஸ்/ஓ", "டி/ஓ" அத்தனையும் அதில் மாட்டிக்கொண்டன. என் சொந்தப் பெயரே மாட்டியது. அதோடு விட்டேனா? குடும்பப்பெயர் கட்டாயம் என்று நட்சத்திரக் குறியும் போட்டேன். நம்மில் யாருக்கு ஐயா குடும்பப்பெயர் இருக்கிறது?

அலுவலக அக்கா சலித்துக்கொள்ளவில்லை. பெயரை விட்டுவிட்டு, பிள்ளைகளின் அடையாள அட்டையான மைகிட்டின் எண்ணைக் கொண்டு தேடினார். நான் சொல்லச் சொல்லப் பதித்தவர் கடைசி இலக்கத்தில் நிறுத்தினார். "பெண் பிள்ளைக்கு ஒற்றைப்படையில் முடியாதே தம்பி, சரியாகப் பாருங்கள்" என்றார். உண்மைதான். 12 இலக்கங்களில் முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த மாநிலம், பேராக்குக்கு 08. கடைசி இலக்கம் ஆணுக்கு ஒற்றை, பெண்ணுக்கு இரட்டை. 7 என்று சொன்னதை 8 என்று திருத்தினேன். அந்தச் செயலி இதைக் கண்டுபிடித்திருக்காது. செய்யச் சொன்னால் எந்தக் கணினியும் செய்யக்கூடிய சோதனைதான் இது. சொல்லத்தான் யாரும் இல்லை.

மேசை இழுப்பறையிலிருந்து ஒரு நோட்டையும் எடுத்தார். பிறப்புப் பத்திரம் இன்னும் கைக்கு வராத பிள்ளைகள் இரண்டு பேர் இருக்கிறார்கள். எண் இல்லாமல் அந்தச் செயலியில் பஸ்ஸுக்குப் பெயர் கொடுக்க முடியாது. அவர்கள் ரொக்கமாகத் தருகிறார்கள். இவர் நோட்டில் எழுதுகிறார், பஸ்காரரும் ஏற்றிக்கொள்கிறார். பென்சில்தான்.

கிளம்பும் நாள் காலையில் சம்மனைக் கட்ட உட்கார்ந்தேன். அதே செயலி, மறுபடியும் வண்டி எண் கேட்டது. அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளை வெளிச்சத்தில் பிடித்தார். பெரட்டில் பேர் கூப்பிடுகிற அதே குரலில் ஒவ்வோர் இலக்கமாக வாசித்துவிட்டு, நான் பதித்ததைத் திரும்பச் சொல்லும்படி கேட்டார்.