பிளிமத் நீராலையில் அரைத்த மக்காச்சோள மாவு

அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸில் ஆங்கிலேயர் குடியேறிய பிளிமத்தில் 1636இல் ஜான் ஜென்னி என்பவர் அமைத்த, நீர்விசையால் மாவரைக்கும் நீராலை இருந்த ஓடைக்கரையில், 1970இல் மீண்டும் எழுப்பப்பட்ட ஆலை, மக்காச்சோளத்தைக் கல்லில் அரைத்து விற்கிறது. ஆலை வருமுன் உரலில் இடித்தே மாவாக்கிய குடியானவர்களிடம், காசுக்குப் பதிலாகத் தானியத்திலேயே ஒரு பங்கை அரைகூலியாக எடுத்துக்கொள்வது அக்கால வழக்கம். காசு புழக்கம் அரிதான ஊருக்கு அதுவே நியாயமான வணிகம் என்பேன்.

மாவை விரல்களுக்கிடையே தேய்த்தால் நொய்போல நறநறக்கிறது. கொதிநீரில் சிறிது சிறிதாகத் தூவிக் கிளறி, அரைமணி நேரம் பொறுமையாக வேகவைத்தபோது கஞ்சி கெட்டிப்பட்டு, வறுத்த சோளத்தின் மணம் அடுக்களையெங்கும் நிறைந்தது. மென்மையான பலகாரங்களுக்கு இது பொருந்தாது. கஞ்சிக்கும் ரொட்டிக்கும் மனமார வாங்கலாம். கல்லில் அரைத்த மாவு விரைவில் சிக்குவாடை அடிக்கும் என்பதால், குளிர்பெட்டியில் வையுங்கள்.