சுங்கை சிப்புட்டில் மேட்டுப்பாத்தி அமைத்துத் தரும் நாற்றுப்பண்ணை: களையெடுப்பு அருமை, மண்கலவையில் கவனம் தேவை

தோட்டத்து லயங்களை விட்டுத் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளுக்குக் குடிவந்த எங்கள் குடும்பங்களுக்கு, வெண்டையும் கத்திரியும் பயற்றங்காயும் போட ஒரு துண்டு நிலம் வேண்டும் என்ற ஆசை இன்னும் விட்டுப்போகவில்லை. குடியிருப்பின் பின்புறம் எனக்குப் பங்காகக் கிடைத்த நிலத்தில் லாலாங் புல்லும் கோரையும் தொட்டாற்சுருங்கியும் மண்டிக் கிடந்தன. ஆகவே, களை நீக்கி, நான்கு பக்கமும் சட்டம் கட்டி, தரைக்கு மேல் உயர்ந்த மேட்டுப்பாத்தியாக மண் நிரப்பித் தரும் வேலை முழுவதையும் மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்து நாற்றுப்பண்ணை ஒன்றிடம் ஒப்படைத்தேன். ஒரு பருவக் காய்கறி பறித்து முடித்த பிறகே இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன்.

இப்பண்ணைக்குக் கொடுக்கும் பணம் களையெடுப்புக்காகவே தகும். லாலாங்கைத் தரையோடு வெட்டிவிட்டு மேலே மண்ணைக் கொட்டுவதுதான் பலரும் செய்யும் வேலை. ஆனால் மண்ணுக்கடியில் ஓடும் அதன் வெண்ணிறத் தண்டில் ஒரு சிறு துண்டு எஞ்சினாலும் அது புதுப் புல்லாக எழுந்துவிடும். வேலைக்கு வந்தவர்களுள் மூத்தவரான அம்மா ஒருவர், தோட்டத்தில் பல ஆண்டுகள் களை வேலை பார்த்தவர், “வெட்ட வெட்டத் துளிர்க்கும் ஐயா, தோண்டித்தான் எடுக்கணும்” என்று சொல்லி, மண்ணை முள்கரண்டியால் நெகிழ்த்தித் தண்டுகளை அறுபடாமல் உருவி எடுத்துச் சாக்கில் கட்டினார். அதன்பின் தரை முழுவதும் பழைய அட்டைப்பெட்டிகளை ஒட்டுநாடா நீக்கி, ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி விரித்து, நன்றாக நனைத்தார்கள். லாலாங் நிழல் தாங்காது; செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டங்களில் முக்குனா கொடியைப் படரவிட்டுக் களையை அடக்குவதும் இதே முறையில்தான். கோரையின் கிழங்கோ அட்டையையும் துளைத்துக்கொண்டு வரும். அதை முன்கூட்டியே சொல்லி, தலைகாட்டியவற்றைப் பிடுங்குவதற்குத் திரும்பவும் ஆள் அனுப்பினார்கள். களைக்கொல்லிப் பேச்சே எழவில்லை. முதுகில் கலன் சுமந்து மருந்தடித்த பெண்களை ஒவ்வொரு வீட்டிலும் அறிந்த ஊர் இது. 2020 ஜனவரி 1 முதல் மலேசியாவில் பாராகுவாட் என்ற களைக்கொல்லி தடைசெய்யப்பட்டதை நாங்கள் சாதாரணச் செய்தியாக எண்ணவில்லை.

சட்டத்துக்குச் சிமெண்டுக் கல்லையே பரிந்துரைத்தார்கள். அது சரியான யோசனை. ரப்பர் மரப் பலகை மலிவானது என்றாலும், பதப்படுத்தாவிட்டால் பூஞ்சையும் கரையானும் அதை விரைவில் அரித்துவிடும். அகலத்தை 4 அடிக்கு மேல் விடாததால் இருபுறமிருந்தும் கை எட்டுகிறது, பாத்திக்குள் மிதிக்க வேண்டியதில்லை.

மண் நிரப்பியதில்தான் எனக்கு மனக்குறை. 8 அடி நீளம், 4 அடி அகலம், 1 அடி உயரமுள்ள பாத்திக்கு 32 கன அடி கலவை வேண்டும். மேல்மண் 3 பங்கு, மக்கிய எரு 2 பங்கு, மணல் 1 பங்கு என்பது நம் நாட்டு நாற்றுப்பண்ணைகளில் நெடுங்காலமாகப் பழகிய அளவு. இவர்கள் மேல்மண்ணைக் குறைத்து, பழம் நீக்கிய செம்பனைக் குலையிலிருந்து செய்த உரத்தை அளவுக்கு மீறிச் சேர்த்திருந்தார்கள்; அதுவும் முழுமையாக மக்காமல், கையை உள்ளே விட்டால் சூடு தெரிந்தது. மக்காத நார் மண்ணிலுள்ள தழைச்சத்தை இழுத்துக்கொள்வதால் முதலில் விதைத்த கீரை வெளிறி நின்றது. பாத்தியும் நான்கு விரற்கடைக்கு மேல் இறங்கிவிட்டது. அந்த உரத்தில் காண்டாமிருக வண்டின் கொழுத்த புழுக்களும் இருந்தன. அழுகும் குலைக் குவியலிலும் செம்பனைத் தண்டிலும் அவ்வண்டு முட்டையிடும் என்பது செம்பனை வட்டாரத்தில் தொழில் செய்பவர்களுக்குத் தெரியாததல்ல. லோரியில் ஏற்றும் முன்பே சலித்துப் பார்த்திருக்க வேண்டும். முறையிட்டபோது மறுப்புச் சொல்லாமல், சுட்ட மண்ணும் ஆட்டு எருவும் கட்டணமின்றிக் கொண்டுவந்து நிரப்பினார்கள் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அதன்பின் வெண்டை நன்றாகவே காய்த்தது.

நம் மண் பெரும்பாலும் புளிப்புத்தன்மை உடையது. ஆயினும் அந்தப் புளிப்பைக் குறைக்கும் டோலமைட் சுண்ணாம்பைக் கேட்டால்தான் தூவுகிறார்கள். ஈப்போவைச் சுற்றிச் சுண்ணாம்புக் குன்றுகள் நிற்கும் மாநிலத்தில் அதை வழக்கமான வேலையாகவே வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது பாத்திக்கும் இவர்களையே அழைக்கப் போகிறேன். களையெடுப்பும் சட்டமும் அவர்கள் விருப்பப்படியே நடக்கட்டும். கலவையின் பங்கை மட்டும் விலைப்பட்டியலிலேயே எழுதி வாங்குவேன், மண் இறக்கும் நாளில் நான் நேரில் நின்று உரத்தைக் கிளறிப் பார்த்த பிறகே மீதிப் பணத்தைத் தருவேன். அக்டோபரில் மாலை மழை வலுக்கும் முன் மண் படிந்து அடங்க வேண்டுமென்பதால், ஆகஸ்டிலேயே சொல்லிவைப்பது நல்லது.